பரமாணுவும் பள்ளிப் பாடத்து அணுவும்





கடந்த தசலட்சண பருவ நாள்களில், எம் ஊர் ஜினாலயத்து முன்மண்டபத்தில் மாலைதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பணியை எமக்கு அளித்திருந்தனர். உத்தம சத்தியத்துக்குரிய நாளன்று ஆறு திரவியங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். உயிர், புத்கலம், தன்மம், அதன்மம், ஆகாயம், காலம் என எண்ணிக் காட்டி, புத்கலத்தின் பிளக்க இயலாத மிகச் சிறிய கூறே பரமாணு என்று கூறி முடித்தபோது, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"டீச்சர் பாட்டி, அணுவுக்குள்ளே எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் எல்லாம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். நீங்களோ பிளக்கவே முடியாது என்கிறீர்கள். பரீட்சையில் நான் எதை எழுதுவது? மனத்தில் எதை வைத்துக்கொள்வது?"

பெரியவர் ஒருவர், "கோயிலில் பள்ளிக்கூடத்துப் பேச்சு எதற்கு? உட்கார் அம்மா" என்றார். யாம் அவளை உட்கார விடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம். அவள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் அன்றும் அடுத்த இரு நாள்களும் யாம் சொன்ன விடையே இக்கட்டுரை. இக்கேள்வி அச்சிறுமி ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. நம் இல்லங்களில் பள்ளி செல்லும் பிள்ளை ஒவ்வொன்றின் உள்ளத்திலும் இஃது என்றேனும் எழும். எழுந்து, கேட்கப்படாமலே அடங்கியும் போகும். ஆதலின் பெற்றோரும் இதனை ஊன்றிப் படிக்க வேண்டுகின்றோம்.

அட்ட திரவியத்தில் ஒரு வேதியியல் பாடம்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எமக்கு முதன்முதல் கற்பித்த நெறி. நம் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்தவை பூசைத் தட்டில் உள்ள எட்டுப் பொருள்கள். நீர், சந்தனம், அட்சதை, மலர், நைவேத்தியம், தீபம், தூபம், பழம் ஆகிய அவற்றையே காட்சிப் பொருளாகக் கொண்டோம்.

முதலில் நீர். அபிடேகச் செம்பில் உள்ள நீரைப் பாதியாக்குங்கள், அப்பாதியையும் பாதியாக்குங்கள். இவ்வாறே செய்துகொண்டு போனால், இதற்கு மேல் பிரித்தால் அது நீராக இராது என்னும் ஓர் எல்லை வரும். அவ்வெல்லையில் நிற்கும் துகளே நீரின் மூலக்கூறு. அதனையும் பிரிக்கலாம். பிரித்தால் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் கிடைக்கும், நீர் கிடைக்காது. 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் நீரில் மின்சாரத்தைச் செலுத்தி இவ்விரு வாயுக்களையும் தனித்தனியே வெளிப்படுத்தினர். எரியக்கூடிய ஒரு வாயுவும், எரிதலுக்குத் துணை நிற்கும் ஒரு வாயுவும் கூடி, நெருப்பை அணைக்கும் நீராக நிற்பதை எண்ணிப் பாருங்கள்!

ஒரே வகை அணுக்களால் ஆன பொருள் தனிமம் எனப்படும். வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இணைந்து உண்டாவது சேர்மம். நீர் சேர்மம், தங்கம் தனிமம். நீர் ஏந்திய பித்தளைச் செம்போ இவ்விரண்டும் அன்று. அது செம்பும் துத்தநாகமும் உருக்கிக் கலந்த கலவை. கலவையில் விகிதத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சேர்மத்தில் அவ்வாறு செய்ய இயலாது. காவிரி நீராயினும் கங்கை நீராயினும், தூய நீரில் இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கு மாறுவதில்லை.

சந்தனத்தை அரைத்த அளவில் மண்டபம் எங்கும் மணக்கின்றதே, ஏன்? அதன் எண்ணெயிலுள்ள மூலக்கூறுகள் காற்றில் கலந்து நம் நாசியை வந்து அடைகின்றன. அம்மணத்துக்குரிய முதன்மையான மூலக்கூறு ஒன்றில் 15 கார்பன் அணுக்களும் 24 ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன. அட்சதையிலும் நைவேத்தியச் சர்க்கரையிலும் பழத்தின் இனிப்பிலும் இருப்பவை அதே மூன்று தனிமங்களே. எண்ணிக்கையும் அடுக்கும் மாறியதால் ஒன்று மணக்கின்றது, ஒன்று பசியாற்றுகின்றது, ஒன்று இனிக்கின்றது. உயிர் எழுத்தும் மெய் எழுத்தும் சிலவே ஆயினும், அவை கூடிச் சொற்கள் எத்தனை ஆயிரம் பிறக்கின்றன! அணுக்களும் அத்தகையனவே. இன்று அறியப்பட்ட தனிமங்கள் 118; அவை கூடிப் பிறந்த சேர்மங்களோ கோடிக்கணக்கானவை.

தீபத்துக்கு வருவோம். அகலில் இட்ட நெய் எரிந்து தீர்ந்துவிட்டது. நெய் எங்கே போயிற்று? அழிந்தது என்றனர் பிள்ளைகள். அழியவில்லை. நெய்யிலிருந்த கார்பன், காற்றிலிருந்த ஆக்சிஜனுடன் கூடிக் கார்பன் டை ஆக்சைடு ஆயிற்று. நெய்யிலிருந்த ஹைட்ரஜன் நீராவி ஆயிற்று. அவற்றை எல்லாம் ஒரு மூடிய கலத்துள் பிடித்து நிறுத்தால், எரியுமுன் இருந்த நெய்யும் அது பயன்படுத்திய ஆக்சிஜனும் சேர்ந்து எவ்வளவு எடையோ, அவ்வளவே இருக்கக் காணலாம். பிரான்சு நாட்டு லவாய்சியர் இத்தகைய நிறுத்தல்களைப் பொறுமையோடு செய்து, 1789-இல் வெளியிட்ட தம் நூலில் வேதிவினையில் பொருள் புதிதாகத் தோன்றுவதும் இல்லை, இல்லாமற் போவதும் இல்லை என்று நிலைநாட்டினார். திரவியம் நிலைத்திருக்க, பரியாயங்களே தோன்றி மறைகின்றன என்று கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது புதிய செய்தி போல ஒலிப்பதில்லை.

எண்ணிக்கையும் ஒன்று கூறுவோம். 18 கிராம் நீர், அஃதாவது நான்கு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைந்த நீர், எத்தனை மூலக்கூறுகளைக் கொண்டது தெரியுமா? 6 என்று எழுதி அதன்பின் 23 சுழியங்கள் இட்டால் வரும் எண் அளவுக்கு! ஹைட்ரஜன் அணுக்களை ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வரிசையாக நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு கோடி அணுக்கள் நிற்கும்.

ஆகமம் கூறும் புத்கலம்

இனி நம் ஆசாரியர்கள் கூறியதைக் காண்போம். உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரத்தில் ஐந்தாம் அத்தியாயமும், குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயமும் நியமசாரமும் இப்பொருளை விரித்துரைக்கின்றன. பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் திருவடிகளை வணங்கி வரும் நாம், அவர் அருளிய நூல்களின் உட்பொருளையும் ஓரளவேனும் அறிதல் கடமையன்றோ?

புத்கலம் என்னும் சொல்லிலேயே கூடுதலும் பிரிதலும் அடங்கியுள்ளன. நிறைவதும் கரைவதுமாகிய இயல்புடையது எதுவோ அது புத்கலம். ஊறு, சுவை, மணம், நிறம் ஆகிய நான்கும் அதன் குணங்கள். ஊறு எட்டு: மென்மை, வன்மை, கனம், இலேசு, தண்மை, வெம்மை, நெய்ப்பு, வறட்சி. சுவை ஐந்து, மணம் இரண்டு, நிறம் ஐந்து. ஆகக் குணங்கள் இருபது. பரமாணு ஒன்றில் ஒரு சுவை, ஒரு மணம், ஒரு நிறம், இரண்டு ஊறு மட்டுமே அமையும். அதற்கு முதல், இடை, கடை என்னும் பகுதிகள் இல்லை. ஆகாயத்தின் ஒரே பிரதேசத்தில் அது நிற்பது. பரமாணுக்கள் கூடியது ஸ்கந்தம். ஸ்கந்தங்கள் கூடுதலாலும், பிரிதலாலும், ஒருபுறம் பிரிந்து மறுபுறம் கூடுதலாலும் உண்டாகும். பரமாணுவோ பிரிதலால் மட்டுமே கிடைப்பது.

அவை எதனால் பிணைகின்றன? நெய்ப்பு, வறட்சி என்னும் இரு குணங்களின் அளவு வேறுபாட்டால் பிணைகின்றன. மிகக் குறைந்த அளவு உடையவை பிணையா. ஒன்றைவிட மற்றொன்று இரண்டு அளவு மிகுந்திருந்தால் பிணையும் என்றெல்லாம் விதிகள் கூறப்பட்டுள்ளன. பொருள்கள் ஏன் ஒட்டுகின்றன, ஏன் சில ஒட்டுவதில்லை என்னும் வினாவை எழுப்பி, அதற்கு ஓர் ஒழுங்கான விதி வேண்டும் என்று எண்ணிய அந்த அறிவுத் திறத்தை எவ்வளவு போற்றினாலும் தகும்.

இன்னொரு செய்தியும் ஈண்டு அறியத்தக்கது. மண்ணணு, நீரணு, தீயணு, காற்றணு என நால்வகை அணுக்கள் என்றும் வேறு வேறாகவே இருப்பன என்பது வைசேடிகர் கொள்கை. நம் ஆசாரியர்கள் இதனை ஏற்கவில்லை. பரமாணுக்கள் யாவும் ஓரினமே. குண வேறுபாட்டால் ஒன்றே மண்ணாகவும் நீராகவும் பரிணமிக்கும் என்றனர்.

ஒப்புமையும் வேற்றுமையும்

இவற்றைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நெஞ்சு விம்முகின்றது. மேலைநாட்டார் நேற்றுக் கண்டதை நம் ஆகமம் அன்றே சொல்லிவிட்டது என்று மேடைகளில் முழங்குகின்றோம். டால்டனின் அணுவே நம் பரமாணு, நெய்ப்பும் வறட்சியுமே நேர்மின்னும் எதிர்மின்னும் என்று சமன்பாடு எழுதிவிடுகின்றோம். பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தியில் மின்னல் போன்றவை நெய்ப்பு, வறட்சி காரணமாக உண்டாவன என்று கூறியிருப்பதைச் சான்றும் காட்டுகின்றோம்.

இங்கேதான் யாம் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊரின் கோடைப் பாடசாலையில் யாம் இதே பொருளைப் பேசினோம். 1808-இல் டால்டன் தம் நூலில் பிளக்க இயலாத அணுவைப் பற்றி எழுதினார், அதுவே நம் பரமாணு என்று பெருமிதத்தோடு சொன்னோம். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, "அப்படியானால் 1945-இல் ஜப்பானில் குண்டாகப் போட்டார்களே, அதில் பிளந்தது எது டீச்சர்?" என்று கேட்டான். எமக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம், உட்கார்" என்றோம். அவன் உட்கார்ந்தான். அப்பாடசாலை முடியும்வரை அவன் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. நான்காம் நாள் முதல் வரவும் இல்லை. அறிவியல் ஆசிரியையாகிய எமக்கு அணுக்கரு பிளவுறுவது தெரியாதா? தெரியும். பள்ளியில் ஒன்றும் கோயிலில் ஒன்றுமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும், அச்சிறுவன் கேட்கும்வரை எமக்கே தெரியவில்லை.

அவனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்.

டால்டன் பிளக்க இயலாதது என்று எண்ணிய அணுவினுள் எலக்ட்ரான் இருப்பதை 1897-இல் தாம்சன் கண்டார். 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே மிகச் சிறிய அணுக்கரு இருப்பதை அறிவித்தார்; அணுவின் அகலத்தில் அது ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டார். 1938-இல் ஹான், ஸ்ட்ராஸ்மன் ஆகியோரின் ஆய்வால் யுரேனியத்தின் அணுக்கரு இரண்டாகப் பிளவுறுவது வெளிப்பட்டது. அவ்வறிவே ஏழு ஆண்டுகளுக்குள் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் பேரிம்சையாக முடிந்தது. புரோட்டானும் நியூட்ரானும்கூடக் குவார்க் என்னும் துகள்களால் ஆனவை என்று 1964-இல் கூறப்பட்டுப் பின்னர்ச் சோதனைகளால் உறுதி பெற்றது.

ஆகவே, பள்ளிப் பாடத்து அணுவுக்கு உறுப்புகள் உண்டு. உறுப்புடையது எதுவும் நம் நூல் வழக்கில் பரமாணு ஆகாது, ஸ்கந்தமே ஆகும். ஜப்பானில் பிளந்தது ஒரு ஸ்கந்தம். இதனால் ஆகமத்துக்கு இழுக்கு இல்லை. இழுக்கு, இரண்டையும் ஒன்று என்று சாதித்த எம் பேச்சுக்கே.

எண்ணிக்கையாலும் இதனைத் தெளியலாம். சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் என மூவகை எண்ணிக்கையை நம் நூல்கள் பிரித்துக் காட்டுகின்றன. புலன்களுக்கு எட்டும் சிறு பொருளிலும் அனந்தம் பரமாணுக்கள் உள்ளன என்பது ஆகமக் கொள்கை. வேதியியலார் கூறும் 23 சுழிய எண்ணோ எவ்வளவு பெரிதாயினும் எண்ணி முடிக்கத்தக்க சங்கியாதமே. இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பனவாயின் இக்கணக்கு எவ்வாறு பொருந்தும்?

வேற்றுமைகள் இன்னும் உண்டு. பரமாணுவுக்குச் சுவையும் மணமும் நிறமும் உண்டு என்பர் நம் ஆசாரியர். தனி அணு ஒன்றுக்கு அவை உண்டு என்று வேதியியல் கூறுவதில்லை. ஒளி, இருள், நிழல், ஒலி ஆகியவற்றையும் புத்கலத்தின் பரியாயங்களாக நாம் கொள்கின்றோம்; பள்ளிப் பாடமோ ஒளியைப் பருப்பொருளில் சேர்ப்பதில்லை. வேதிப் பிணைப்பு எலக்ட்ரான்களைப் பெறுதல், இழத்தல், பகிர்தல் என்பவற்றால் நிகழ்வது. இரண்டு அளவு மிகுதி என்னும் விதி அங்கு இல்லை. தனிமங்கள் வேதிவினையில் ஒன்று மற்றொன்றாக மாறுவதும் இல்லை. அணுக்கரு வினையில் மட்டும் மாறும்; யுரேனியம் நெடுங்காலத்தில் சிதைந்து சிதைந்து ஈயமாகின்றது.

அறிவியலார் தம் பிழையைத் திருத்திக்கொள்வதில் கூச்சம் அடைவதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். லவாய்சியர் 1789-இல் தொகுத்த 33 தனிமங்களின் பட்டியலில் ஒளியையும் வெப்பத்தையும்கூடச் சேர்த்திருந்தார். பின்வந்தோர் அவற்றை நீக்கினர். அதனால் லவாய்சியரின் பெருமை குறைந்துவிடவில்லை.

சத்தியமும் செருக்கும்

அருங்கலச்செப்பு பயின்றோர் எண்வகை மதங்களை அறிவர். அவற்றுள் அறிவால் வரும் செருக்கும் ஒன்று. குலத்தால் வரும் செருக்கும் ஒன்று. இவை நற்காட்சியைக் கெடுக்கும் குற்றங்கள். எல்லாம் எம் நூலில் உண்டு என்று ஆராயாமல் பேசும்போது இவ்விரண்டும் ஒருங்கே வந்து சேர்கின்றன. அதற்கு மேல், நாம் அறியாததை அறிந்ததாகச் சொல்வதால் சத்திய அணுவிரதமும் பழுதுபடுகின்றது. அருகன் அறத்தை உயர்த்துகின்றோம் என்று எண்ணிக்கொண்டு, அவ்வறம் விலக்கியதையே செய்கின்றோம். அறிவியல் நாளை ஒரு கருத்தை மாற்றிக்கொண்டால், அதன்மேல் சாய்த்து வைத்த நம் பெருமையும் உடன் சாயும். ஆகமத்துக்கு அத்தகைய முட்டுக்கட்டை தேவையில்லை.

அனேகாந்தம் நம் கையிலிருக்கும் விளக்கு. எந்த நோக்கில், எந்த அளவையால் கூறப்பட்டது என்று கேட்பதே நயம். பள்ளிப் பாடத்து அணு, நிறுத்தும் அளந்தும் சோதித்தும் அறிந்தது. மருந்து செய்யவும் உரம் செய்யவும் நீரைத் தூய்மைப்படுத்தவும் பயன்படுவது. ஆகமத்துப் பரமாணு கேவல ஞானத்துக்குப் புலப்படுவதாகக் கூறப்பட்டது. உயிர் எது, உயிரல்லாதது எது என்று பிரித்தறிந்து வீடுபேற்றுக்கு வழி தேடுவோர்க்குப் பயன்படுவது. நகைக்கடைத் தராசும் நெல் அளக்கும் மரக்காலும் தத்தம் தொழிலைச் செய்கின்றன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றின் வேலையைச் செய்தால்தான் தவறு.

எனவே அச்சிறுமியிடம் சொன்னோம்: "அம்மா, பரீட்சையில் உன் பாடநூல் கூறுவதையே எழுது, அதனை ஐயமறக் கற்றுக்கொள். இங்கே கற்பதை இங்குள்ள பொருளில் உணர்ந்துகொள். ஒன்றுக்காக மற்றொன்றைப் பொய் என்று நீ சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் ஒன்று என்றும் சொல்லாதே."

சேர்மமா, கலவையா?

மனத்தில் எதை வைத்துக்கொள்வது என்பது அவளுடைய இரண்டாம் கேள்வி. அதற்கு வேதியியல் பாடமே ஓர் உவமை தந்து உதவியது. உவமை உவமையே, நிரூபணம் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்.

சோறு சமைக்கும் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது சோடியமும் குளோரினும் சேர்ந்தது. சோடியம் கத்தியால் வெட்டத்தக்க மென்மையான உலோகம். நீரில் இட்டால் சீறிப் பொங்கும். குளோரின் நச்சு வாயு. 1915-இல் முதல் உலகப் போரில் வீரர்களைக் கொல்லப் பயன்பட்டது. இவ்விரண்டும் கூடியபின் சீற்றமும் இல்லை, நஞ்சும் இல்லை; உணவுக்குச் சுவை தரும் உப்பாக நிற்கின்றன. சேர்மத்தில் உறுப்புகள் தத்தம் பழைய இயல்பை இழந்து புதிய இயல்பைப் பெறுகின்றன. கலவையில் அவ்வாறில்லை. மணலில் கலந்த இரும்புத்தூள் இரும்பாகவே இருக்கின்றது. காந்தத்தைக் காட்டினால் பிரிந்து வந்துவிடும்.

உயிரும் வினையும் சேர்ந்திருப்பது எதைப் போன்றது? பாலும் நீரும் போல, தாதுக்கல்லும் பொன்னும் போல என்று நம் ஆசாரியர்கள் கூறினர். வினையும் புத்கலமே, மிக நுண்ணிய புத்கலம். அஃது உயிருடன் ஒரே இடத்தில் நெருங்கிக் கலந்து அதன் அறிவை மறைக்கின்றது; அழிப்பதில்லை. உயிர் ஒருபோதும் புத்கலமாக மாறுவதும் இல்லை, புத்கலம் உயிராக மாறுவதும் இல்லை. உப்பில் சோடியம் தன் இயல்பை இழந்தது போல உயிரும் தன் இயல்பை இழந்திருக்குமாயின், வீடுபேறு என்னும் சொல்லுக்கே இடமிராது. கல்லுக்குள் இருக்கும்போதும் பொன் பொன்னே. 79 என்னும் அணு எண்ணைத் தாதுக்கல் மாற்றுவதில்லை. உலை அதனைப் புதிதாகத் தருவதும் இல்லை. அழுக்கு நீங்கினால் இருந்தது விளங்கும். அவ்வுலையே தவம்.

வினை ஒட்டுவதற்குக் காரணம் என்ன? எண்ணெய் பூசிய உடம்போடு புழுதியில் உழைப்பவன்மேல் தூசி படிவது போல என்று சமயசாரத்தில் குந்தகுந்தர் உவமை காட்டுகின்றார். அதே புழுதியில் எண்ணெய் பூசாதவன் உழைத்தால் தூசி படிவதில்லை. மனம், மொழி, மெய்களின் அசைவால் வினைத்துகள்கள் வருகின்றன, அஃது ஊற்று. வெகுளி, செருக்கு, மாயம், பேராசை என்னும் நான்கு கசாயங்களாகிய எண்ணெய்ப் பசையால் அவை நிற்கின்றன, அது கட்டு. பசையைத் துடைத்தல் செறிப்பு. முன்பே படிந்ததை உதறுதல் உதிர்ப்பு. இந்த நான்கையும் ஒருவர் உணர்ந்துவிட்டால், அணுவைப் பற்றி ஆகமம் ஏன் அத்தனை விரிவாகப் பேசிற்று என்பது விளங்கும். பொருளைப் பிளந்து ஆற்றலைப் பெறுவது அதன் நோக்கமன்று. கட்டை அவிழ்த்து உயிரை விடுவிப்பதே அதன் நோக்கம்.

நம் உடம்பையே பாருங்கள். அதன் எடையில் நூற்றுக்கு 65 பங்கு ஆக்சிஜன், 18 பங்கு கார்பன், 10 பங்கு ஹைட்ரஜன், 3 பங்கு நைட்ரஜன். எஞ்சியவை எலும்பின் கால்சியமும் பாஸ்பரசும், குருதியின் இரும்பும், பிற சிலவும். இவை நேற்றுச் சோற்றிலும் கீரையிலும் இருந்தன. நாளை மண்ணிலும் காற்றிலும் இருக்கும். எம் கைம்மேல் சுருங்கிய இத்தோலை எமது என்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகின்றோம். இதிலுள்ள அணுக்களோ எத்தனையோ முறை வந்து போய்விட்டன. உடல் வேறு, உயிர் வேறு என்னும் அன்னியத்துவ பாவனைக்கு இதனினும் எளிய பாடம் வேண்டுமோ?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளை கேள்வி கேட்டால் அடக்காதீர்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிடின், தெரியவில்லை, சேர்ந்து படித்துப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். ஐயம் தெளிந்து பெறுவதே ஐயமின்மை. வாயை மூடிப் பெறுவது அன்று. கேள்வியோடு கோயிலுக்கு வரும் பிள்ளை நாளையும் வரும். கேள்வியை வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னால், ஒருநாள் பிள்ளையும் வாசலோடு நின்றுவிடும்.

தசலட்சண பருவம் நிறைவுற்றபின் ஒருவரை ஒருவர் பொறுத்தருளக் கேட்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்வாண்டு அந்நாளில் எம் நினைவு, கடைசி வரிசையிலிருந்த அச்சிறுவனிடமே சென்றது. இன்று அவருக்கு ஐம்பது வயதாகியிருக்கும். எவ்வூரில் இருக்கின்றாரோ, இவ்விதழ் அவர் இல்லத்துக்கும் வருகின்றதோ, யாம் அறியோம். வருமாயின், அவர் கேட்டது நல்ல கேள்வி என்றும், அன்று பிழை செய்தவர் யாமே என்றும் இதன்வழித் தெரிவித்து, பொறுத்தருள வேண்டுகின்றோம்.

அச்சிறுமி மறுநாள் இன்னொரு கேள்வியோடு வந்தாள். எலக்ட்ரானையும் பிளக்க முடியுமா என்று கேட்டாள். இதுவரை அதனுள் உறுப்பு எதனையும் எவரும் கண்டதில்லை என்றோம். "அப்படியானால் அதுதான் பரமாணுவா?" என்றாள். அவ்வாறு அவசரப்பட்டுச் சொல்லித்தானே அம்மா முன்பு பிழை செய்தோம் என்றோம். மண்டபமே சிரித்தது, முதல் நாள் அவளை உட்காரச் சொன்ன பெரியவரும் சிரித்தார்.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள் நம் இல்லங்களில் ஒளிர்க. கேட்கும் பிள்ளைகள் பெருகுக. எவ்வுயிரும் இன்புற்று வாழ்க. அருகன் அறம் ஓங்குக.